தோண்டிப் பார்த்த பிள்ளையும் மறந்துபோன புன்னையும்

(‘தோட்டம் என்றதும் மனதில் எழும் முதல் பிள்ளைப்பருவ நினைவு: விதைத்ததா? பறித்ததா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘விதைத்ததே’ அணியின் நிறைவுரை)

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, பாயிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிற என் சொந்தங்களே, வணக்கம். வணக்கத்தை இத்தோட நிறுத்திக்கிறேன். பேச வேண்டியது நிறைய இருக்கு.

எதிரணித் தலைவர் ஐயா பேசிட்டு உட்கார்ந்திருக்கார். மாங்கா சொன்னார், கொய்யா சொன்னார். கடலைக்காட்டுல செடியை வேரோட பிடுங்கி, மண்ணை உதறி, பால் மாறாத பச்சைக் கடலையைத் தின்ன கதை சொன்னார். நீங்க கைதட்டுனீங்க, நானும் தட்டுனேன். கடலை பிடுங்குறது சாதாரண விஷயம் இல்லைங்க. பூ மேல பூக்குது, காய் கீழ காய்க்குது. பூ வாடின இடத்துல இருந்து ஒரு விழுது கிளம்பி, ஊசி மாதிரி மண்ணுக்குள்ள இறங்கி, இருட்டுல போய்த்தான் காயாகுது. 105, 110 நாள் பயிர் ஒரே இழுப்புல கொத்தா வெளிய வரும்போது எந்தப் பிள்ளைக்குத்தான் கண்ணு விரியாது? அதை நான் மறுக்கல.

ஆனா போகிற போக்குல ஐயா ஒண்ணு சொன்னார் பாருங்க. “3 வயசுப் பிள்ளை கையில விதையைக் குடுத்தா என்ன செய்யும்? இன்னிக்கு ஊன்றும், நாளைக்குத் தோண்டும், நாளன்னிக்கு மறந்துடும். மறந்துபோனது எப்படிய்யா முதல் நினைவாகும்?” அரங்கமே சிரிச்சுது. எங்க அணியில ஒருத்தரும் சேர்ந்து சிரிச்சுட்டார், நான் பார்த்தேன்.

நடுவர் அவர்களே, எனக்கு ஒதுக்கின நேரம் மொத்தத்தையும் இந்த ஒரு வரிக்கே செலவு பண்ணப் போறேன். தோண்டும்னார். மறக்கும்னார். ரெண்டுக்கும் பதில் சொல்லாம இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

முதல்ல தோண்டுறது. பிள்ளை ஏன்யா தோண்டுது? மறந்த பிள்ளை விளையாடப் போயிருக்கும்! காலையில எழுந்து பல்லு விளக்கக்கூட வராம, நேரா தொட்டிக்கு ஓடி, நேத்து ஊன்றின அதே இடத்துல விரலை விடுதுன்னா, ராத்திரி பூரா அந்த விதையை நினைச்சுக்கிட்டேதான் படுத்திருந்திருக்கு. தோண்டுறதுதான் நினைவு, ஐயா! நீங்க எங்களுக்கு எதிரா சொன்ன சாட்சி எங்க பக்கம் வந்து நிக்குது.

சரி, அது தோண்டுற நேரத்துல மண்ணுக்குள்ள என்ன நடந்துகிட்டு இருக்கு? அதையும் பார்த்துடுவோம். தட்டைப்பயறை எடுத்துக்குங்க. ராத்திரி ஒரு கிண்ணத்துல ஊறப்போட்டா காலையில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா உப்பியிருக்கும். ஒரு கொட்டாங்குச்சி எடுங்க. கண் இருக்கிற பாதியா பார்த்து எடுக்கணும். மூணு கண்ணுல ஒண்ணு மட்டும் மெத்துனு இருக்கும், தென்னம்பிள்ளை முளைச்சு வர்ற வழி அது. ஒரு ஆணியால அதைக் குத்துனா தண்ணி வடியறதுக்கு ஓட்டை தயார். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நல்லா மக்கின சாணி எரு ஒரு பங்கு. மேல ஒரு விரல்கடை இடம் விட்டு நிரப்புங்க.

இப்ப பிள்ளையோட ஆள்காட்டி விரலைப் பிடிச்சு, ரெண்டு கணு உள்ள போற மாதிரி ஒரு குழி. அந்த ஆழம்தான் சரி. அதுக்கும் கீழ போனா, விதைக்குள்ள இருக்கிற சாப்பாடு வெளிச்சத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே தீர்ந்துடும். மேலாகவே போட்டுட்டா, முளை வரும்போது விதைத்தோலை உரசிக் கழட்டிவிட மண்ணோட அழுத்தம் இருக்காது. தோல் தலையிலேயே தொப்பி மாதிரி மாட்டிக்கும். பிள்ளைக்கு அந்தத் தொப்பியைக் கழட்டணும்னு கை துறுதுறுங்கும். பிடிச்சு இழுத்தா பருப்பிலை ரெண்டும், அதாவது விதைக்குள்ள இருந்த பருப்பு ரெண்டும், கையோட வந்துடும். இழுக்க வேணாம். ஒரு சொட்டுத் தண்ணியை அந்தத் தொப்பி மேல வச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு வாங்க. ஊறி, தானா நழுவும்.

முதல் ஒன்றரை நாள்ல வேர் வெளிய வருது. வெள்ளையா, நுனி கூரா, கீழ பார்த்து. அதுக்கப்புறம் தண்டு. தலையை நிமிர்த்திக்கிட்டு மண்ணைக் குத்தாதுங்க அது. குத்துனா குருத்து கிழிஞ்சுடும்னு அதுக்குத் தெரியும். முதுகை வளைச்சு, தலையைக் கீழ தொங்கவிட்டு, முதுகாலதான் மண்ணைத் தள்ளும். மூட்டை தூக்குற மனுஷன் குனிஞ்சு முதுகைக் குடுப்பார் பாருங்க, அந்த மாதிரி. மூணாம் நாளோ நாலாம் நாளோ மண்ணுல ஒரு மயிரிழை விரிசல் தெரியும். விரிசலுக்குள்ள வெளிர்பச்சையா ஒரு வளைவு. தலை வெளிய வந்து, வெளிச்சம் பட்ட பிறகுதான் நிமிரும்.

நம்ம பிள்ளை ரெண்டாம் நாள் தோண்டுது. அந்த வேர்ல கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம பஞ்சு மாதிரி ரோமம் இருக்கும், அதுதான் தண்ணி குடிக்கிற வாய். காத்துப் பட்டா கொஞ்ச நேரத்துல காய்ஞ்சுடும். வேர் நுனி ஒடிஞ்சாக்கூடப் பரவாயில்லை, பக்கவேர் விட்டுப் பிழைச்சுக்கும், ஒரு வாரம் பின்தங்கும். ஆனா அந்த வளைஞ்ச முதுகு ஒடிஞ்சுதுன்னா தட்டைப்பயறு போச்சு. பருப்பிலைக்குக் கீழ இருக்கிற தண்டுல மறுபடி துளிர்க்கிற கண்ணே கிடையாது.

அதுக்காகப் பிள்ளையை அடிக்கிறதா? தோண்டுற பிள்ளைக்குத் தட்டைப்பயறைக் குடுத்தது பெரியவங்க தப்பு! தோண்டுற பிள்ளைக்குக் கொண்டைக்கடலை குடுங்க. கறுப்புக் கொண்டைக்கடலை, முழுசா இருக்கணும். அதுக்கும் தட்டைப்பயறுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. தட்டைப்பயறு தன் பருப்பை மண்ணுக்கு மேல தூக்கிட்டு வரும். கொண்டைக்கடலை பருப்பை மண்ணுக்குள்ளயே பத்திரமா வச்சுட்டு, குருத்தை மட்டும் மேல அனுப்பும். மேல வந்த குருத்து ஒடிஞ்சா, உள்ள பருப்புக்குப் பக்கத்துல இருக்கிற கண்ணுல இருந்து இன்னொரு குருத்து வரும். துவரையும் அப்படித்தான். பிள்ளை ஒரு தடவை ஒடிக்கும், அது இன்னொரு தடவை எழுந்துவரும். மூணு வயசுக்கு ஏத்த விதை எது, எட்டு வயசுக்கு ஏத்த விதை எதுன்னு பார்த்துக் குடுக்கிற வீட்டுல தோட்டம் வளருது ஐயா.

இன்னொரு தப்பும் வீட்டுக்கு வீடு நடக்குது. பிள்ளை விதை கேட்டதும், அடுக்களை டப்பாவுல இருந்து ஒரு பிடி துவரம்பருப்பை அள்ளிக் குடுத்துடுறோம். உடைச்ச பருப்பு முளைக்காது. உடைக்கும்போது முளைக்கரு சிதைஞ்சு உதிர்ந்துடுது. பொட்டுக்கடலை முளைக்காது, அது வறுபட்டது. பிள்ளை பத்து நாள் தண்ணி ஊத்தும். ஒண்ணும் வராது. “உனக்குக் கைராசி இல்ல”ன்னு யாராவது சொல்லிடுவாங்க. அந்த ஒரு சொல்லு அந்தப் பிள்ளைக்கு ஐம்பது வயசு வரைக்கும் கூட வரும். கடைக்குப் போய் முழுப்பயறா வாங்கிக் குடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கிறேன்.

தோண்டாம உள்ள நடக்கிறதைப் பார்க்கணுமா? அதுக்கும் வழி இருக்கு. ஒரு கண்ணாடி தம்ளர். உள்சுவரை ஒட்டி நாலு மடிப்பு செய்தித்தாளைச் சுத்தி வச்சு நனைங்க. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவுல ஊறின பயறைச் சொருகுங்க. அடியில ஒரு விரல்கடை தண்ணி. விதை தண்ணியில முங்கக்கூடாது. முங்குனா மூச்சுக்குக் காத்தில்லாம அழுகி நாத்தம் அடிக்கும். தாள் ஈரத்தை உறிஞ்சி மேல கொண்டுவரும், அது போதும். தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க. வேர் வந்ததும் விதையைத் தலைகீழாத் திருப்பி வைக்கச் சொல்லுங்க பிள்ளையை. மறுநாள் பாருங்க, மேல பார்த்துக் கிடந்த வேர் வளைஞ்சு கீழ போயிருக்கும். எப்படித் திருப்பினாலும் வேருக்குக் கீழ எதுன்னு தெரியும். அதைப் பார்த்த பிள்ளை முகத்தை நீங்க பார்க்கணும் நடுவர் அவர்களே!

தண்ணி ஊத்துறதைப் பத்தி ஒரு வார்த்தை. பிள்ளைக்கு ஆசை வந்தா பத்துத் தடவை ஊத்தும். கொட்டாங்குச்சிக்குத் தண்ணி பாட்டில் மூடியால அஞ்சு மூடி, காலையில ஒரே தடவை. அளவு சொல்லிக் குடுத்தா எண்ணவும் வரும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாத்துல அளவு தப்பினா நாற்றழுகல் வந்துடும். தண்டு மண்ணைத் தொடுற இடத்துல நீர்கோத்து, நூல் மாதிரி மெலிஞ்சு, நேத்து நின்ன நாத்து இன்னிக்குச் சாய்ஞ்சு கிடக்கும். நெருக்கமா விதைச்சு, ஈரமும் வத்தாம இருந்தா வர்ற பூஞ்சை நோய் அது. கீரைன்னா வேற தொல்லை. கடுகைவிடப் பொடி விதை, பிள்ளை கையில இருந்து ஒரே குவியலா விழும். ஒரு ஸ்பூன் விதைக்குப் பத்து ஸ்பூன் மணல் கலந்து குடுத்தா கோலப்பொடி தூவுற மாதிரி பரவும். எறும்பு தூக்கிட்டுப் போயிடும்கிறதுக்காகத்தான் பாத்தி ஓரத்துல கொஞ்சம் அரிசிமாவு தூவுறது. எறும்புக்கு அது, நமக்குக் கீரை.

தோண்டுறதுக்குப் பதில் சொல்லியாச்சு. இப்ப மறக்கிறது.

ஐயா சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். பெரியவங்ககிட்ட “உங்களுக்கு நினைவிருக்கிற முதல் சம்பவம் எது?”ன்னு கேட்டா, பெரும்பாலும் 3, 3½ வயசுக்கு முன்னால போகாது. குழந்தைப்பருவ மறதின்னு உளவியல்ல அதுக்குப் பேரே இருக்கு. பிள்ளை மறக்கும், உண்மை.

ஆனா மறந்தது போச்சுன்னு யாரு சொன்னது? இதுக்குப் பதிலை நான் சொல்லல. சங்க காலத்துல ஒரு பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா. நற்றிணையில 172-ஆம் பாட்டு. எழுதினவர் பேர்கூட நமக்குக் கிடைக்கல. தமிழ்ல ஒரு பிள்ளை தோட்டம் போட்ட நினைவு எழுத்துல இருக்குன்னா, என் கண்ணுக்கு முதல்ல தெரியறது இந்தப் பாட்டுதான்.

கதை இதுதான். கடற்கரை. வெள்ளை மணல். சின்னப் பொண்ணுங்க கூட்டமா விளையாடுறாங்க. கையில புன்னை விதை. அதை மணல்ல அழுத்திப் புதைச்சு விளையாடிட்டு, மறந்துட்டு, அப்படியே விட்டுட்டுப் போயிடுறாங்க. அது முளைச்சுடுது. நெய் கலந்த இனிப்பான பாலை ஊத்தி வளர்க்கிறாங்க. அம்மா சொல்றாங்க: “இந்தப் புன்னை உங்களைவிடச் சிறந்தது. இது உங்க தங்கச்சி.” வருஷம் ஓடுது. பொண்ணு வளர்ந்து, காதலன் வந்து அதே மரத்து நிழல்ல நிக்கிறான். தோழி அவன்கிட்ட சொல்றா: “இங்க உன்னோட சிரிச்சுப் பேச வெட்கமா இருக்குப்பா. இது எங்க தங்கச்சி. வேற நிழல் இருக்கு, அங்க போவோம்.”

என்னங்க, நல்ல கதையா? இப்ப மெதுவா இன்னொரு தடவை சொல்றேன். ஏன்னா முதல் தடவை வேகமா சொல்லிட்டேன், உள்ள இருக்கிற சங்கதி எதிரணிக்குத் தெரியாம போயிருக்கும்.

“விளையாடு ஆயமொடு வெண்மணல் அழுத்தி.” அழுத்தின்னா என்ன? குழி வெட்டல, பாத்தி கட்டல. கட்டைவிரலால ஒரு அழுத்து. புன்னை விதை கோலிக்குண்டு மாதிரி உருண்டையா, ஓடு கெட்டியா இருக்கும். பிள்ளைங்க அதை வச்சு விளையாடுறதுல அதிசயமே இல்லை. விதைக்கணும்னு யாரும் சொல்லல. பிள்ளைக் கை சும்மா அழுத்துச்சு. பார்க்கப்போனா புன்னைக்கு அதைவிட நல்ல நடவு கிடையாது. வெறும் மணல்லயும் வரும், உப்புக்காத்தையும் தாங்கும், கடல் தண்ணியில மிதந்துபோய் இன்னொரு கரையிலயும் ஒதுங்கி முளைக்கும்.

அடுத்த சொல்லுதான் எனக்கு வேண்டிய சொல்லு. “மறந்தனம் துறந்த.” மறந்துட்டோம், விட்டுட்டோம். ஐயா, உங்க வாதம் மொத்தமும் இந்த ரெண்டு சொல்லுக்குள்ள இருக்கு! பிள்ளை மறக்கும்னு நீங்க இன்னிக்குச் சொன்னதை அந்தப் பொண்ணு அன்னிக்கே ஒத்துக்கிட்டா.

ஏன் மறந்தாங்க? அதுவும் கேட்கணும். புன்னை விதையை ஓட்டோட மணல்ல போட்டா முளைக்கக் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆகும். ஓட்டைத் தட்டி விரிசல் விட்டா ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல. ஓட்டை முழுசா எடுத்துட்டு ஊன்றினா மூணு வாரம். நாத்துப்பண்ணையில அதனாலதான் உடைச்சுப் போடுறது, அதுவும் உள்பருப்புல அடிபடாம. அந்தப் பொண்ணுங்க கையில சுத்தியலா இருந்துது? ஓட்டோட அழுத்திட்டுப் போனாங்க. மூணு வயசோ ஆறு வயசோ, ரெண்டு மாசம் எந்தப் பிள்ளைய்யா காத்திருக்கும்? பெரியவங்களே மறப்போம். தட்டைப்பயறா இருந்தா நாலாம் நாள் எழுந்து நின்னிருக்கும், மறக்க நேரமே இருந்திருக்காது. புன்னையாப் போச்சு, அதனால மறந்தாங்க. “மறந்தனம்”னு பாடினவர் புன்னை முளைக்கிற கணக்கைத் தெரிஞ்சுதான் பாடியிருக்கார்னு நான் முழுசா நம்புறேன்.

மறந்த அப்புறம் என்ன நடந்துது? “காழ் முளை அகைய.” விதை முளைச்சு எழுந்துது. பிள்ளை மறந்துது, விதை மறக்கல! ஐயா, நீங்க பறிச்ச மாங்காயைத் தின்னுட்டீங்க. அது உங்ககிட்ட வந்து “என்னை ஞாபகம் இருக்கா?”ன்னு கேட்குமா? விதைச்சது கேட்கும். ரெண்டு மாசம் கழிச்சு எழுந்து வந்து, வாசல்ல நின்னு கேட்கும்.

அப்புறம் நெய் ஊத்தின பால். இந்த இடத்துல தோட்டம் போடுறவங்களுக்காக ஒண்ணு சொல்லிடுறேன், நாளைக்கு யாரும் வீட்டுல பாலை ஊத்திடாதீங்க. நெய் மணல்ல படிஞ்சா தண்ணி உள்ள இறங்காம மேலயே உருண்டு ஓடும். எறும்பு வரும். புன்னைக் கன்றுக்கு அடிமண் காயாம தண்ணி ஊத்தினா போதும், இளசா இருக்கும்போது உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் நிழல். ஆனா அவங்க பால் ஊத்தினது மரத்தைப் பத்தித் தெரியாம இல்லைங்க. பாலும் நெய்யும் யாருக்கு ஊட்டுவோம்? பிள்ளைக்கு. தனக்கு அம்மா ஊட்டினதை அந்தப் பிள்ளை மரத்துக்கு ஊட்டியிருக்கு.

இப்ப மூணாவது தடவை, அம்மா பக்கத்துல நின்னு பாருங்க. இதுதான் உயிர் இருக்கிற இடம். “நும்மினும் சிறந்தது, நுவ்வை ஆகும் என்று அன்னை கூறினள்.” நுவ்வைன்னா உன் தங்கச்சி. அம்மா சொன்னாங்க. ஒரு தடவை சொல்லிட்டு விட்டிருப்பாங்களா? தினமும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொல்லியிருப்பாங்க. “உன் தங்கச்சிக்குத் தண்ணி ஊத்தினியா?” “உன் தங்கச்சி பூ விட்டிருக்கா பாரு.” வெள்ளையா நாலஞ்சு இதழ், நடுவுல மஞ்சள் கேசரம் கத்தையா, வாசனை அடிக்கும். பிள்ளை மறந்ததை அம்மா எடுத்துச் சொல்லிச் சொல்லி நினைவாக்கினாங்க.

இது என் கற்பனை இல்ல. நியூசிலாந்துல 2000-ஆம் ஆண்டு ஒரு ஆய்வு வந்துது. அங்க இருக்கிற மாவோரி மக்களுக்கு முதல் நினைவு சராசரியா 2 வயசு 8 மாசத்துலயே தொடங்குது. அதே நாட்டுல ஐரோப்பிய வம்சாவளி மக்களுக்கு 3½ வயசுக்குப் பக்கம். மாவோரி குடும்பத்துல பழசைப் பேசுறதுக்கு, பிள்ளை பிறந்த கதையை அதுகிட்டயே சொல்றதுக்கு அவ்வளவு இடம். வீட்டுல பேசுனா நினைவு முன்னாடியே வேர்விடுது. “அன்னை கூறினள்”ங்கிற ரெண்டு சொல்லு அதைத்தானே சொல்லுது!

பறிச்சதை யாரு அப்படிப் பேசுவாங்க? “நீ அன்னிக்கு ஒரு கொய்யா தின்னியே”ன்னு எந்த அம்மா இருபது வருஷம் சொல்லிக்கிட்டு இருப்பாங்க? “நீ வச்ச மரம்”னு சொல்லுவாங்க. மயிலாப்பூர்ல கபாலீசுவரர் கோயிலுக்குப் போறவங்க, அங்க தலமரம் எதுன்னு பாருங்க. புன்னை. அடுத்த தடவை போகும்போது பிள்ளைக்கு அந்தத் தங்கச்சி கதையைச் சொல்லிக் காட்டுங்க.

அம்மன் திருவிழாவுக்குப் பயறை முளைக்க வச்சு எடுக்கிற முளைப்பாரியைப் பத்தி அரை மணி நேரம் பேசணும்னு வந்தேன். நேரம் இல்லை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக்காரங்க இருந்தீங்கன்னா உங்களுக்கு நான் சொல்லவே வேணாம். ஓட்டுல வைக்கோல், காஞ்ச எரு, மண், ஊறின பயறு. ஒன்பது நாள் இருட்டறை, தெளிச்சுத் தெளிச்சுத் தண்ணி. இருட்டுல வளர்றதாலதான் பச்சை பிடிக்காம, மஞ்சள் வெளுப்பா, முழம் முழமா நீளும். வெளிச்சத்தைத் தேடித்தான் அந்த நீளம். கதவிடுக்குல கீத்தா ஒரு வெளிச்சம் வந்தாலும் மொத்தப் பாரியும் அந்தப் பக்கம் சாய்ஞ்சுடும், அதனாலதான் சாக்கு வச்சு அடைக்கிறது. ராத்திரி கும்மிப்பாட்டு கேட்டுக்கிட்டே அந்தத் திண்ணையில தூங்கின பிள்ளை எதை மறக்கும், எதை மறக்காது? முளைப்பாரியில பறிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லைங்க. கடைசியில கண்மாயில கரைச்சுடுவோம். விதைச்சது மட்டும்தான் இருக்கு. அதுதான் நிக்குது.

மணி அடிக்கிறீங்க நடுவர் அவர்களே, கேட்குது. ரெண்டே நிமிஷம் குடுங்க. இதைச் சொல்லாம இறங்கினா எனக்குத் தூக்கம் வராது.

யாழ்ப்பாணத்துல வலிகாமம் வடக்குன்னு ஒரு பகுதி. மயிலிட்டி, பலாலி, தெல்லிப்பழை எல்லாம் அந்தப் பக்கம். 1990ல சண்டைக்குப் பயந்து சனங்க ஊரையே விட்டுப் போனாங்க. ராணுவத்தோட உயர்பாதுகாப்பு வலயம்னு ஆகிப்போச்சு. ரொம்பப் பேருக்குக் காணி திரும்பக் கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆச்சு. மயிலிட்டித் துறைமுகத்துப் பக்கம் விடுபட்டது 2017ல. 27 வருஷம். இடுப்புல உட்கார்ந்து போன பிள்ளை, தன் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்துது.

வந்து பார்த்தா வீடு இல்லை. கூரை இல்லை, சுவர் இல்லை, பல இடத்துல அத்திவாரமே இல்லை. வேலி இல்லை. ஒழுங்கை, அதாவது சந்து, எதுன்னு தெரியல. பத்தையும் புதருமா நிக்குது. எது என் காணி, எது பக்கத்து வீட்டுக் காணி? எதை வச்சுக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? கிணத்தையும் மரத்தையும் வச்சு. இந்தக் கிணத்தடி எங்களது. இந்த வேம்பு எங்க படலைக்கு, வாசல் கதவுக்கு, நேரா நின்னது. இந்த மா எங்கட அடுப்படிக்குப் பின்னால வச்சது. அத்திவாரம் போன இடத்துல, நட்ட மரம் நின்னுது.

நடும்போது அந்த மா முழங்கால் உயரம் இருந்திருக்கும். வாளியில தண்ணி மொண்டு ஊத்தச் சொல்லி அம்மா சின்னப் பிள்ளை கையில செம்பைக் குடுத்திருப்பா. பாதி வழியில சிந்தியிருக்கும், மிச்சம் கால்ல கொட்டியிருக்கும். சொட்டுத்தான் மரத்துக்குப் போயிருக்கும். அதுக்கு அப்ப மூணு வயசோ நாலு வயசோ. அது மறந்துதான் போயிருக்கும் ஐயா, நீங்க சொன்ன மாதிரியே. கொழும்புல வளர்ந்திருக்கும், வன்னியில வளர்ந்திருக்கும், சென்னையில வளர்ந்திருக்கும், டொரன்டோவுல பனியில வளர்ந்திருக்கும். அந்த அம்மா இன்னிக்கு இருக்காளோ இல்லையோ.

அந்த மரத்தடியில வந்து நின்னு, பட்டையில கையை வச்சு, “இது நான் தண்ணி ஊத்தின மரம், அம்மா சொல்லுவா”ன்னு தன் பிள்ளைக்குக் காட்டுதே, அந்தக் கை எதைத் தொடுது? கிளையில காய் இருக்கா இல்லையான்னு அது நிமிர்ந்துகூடப் பார்த்திருக்காது, ஐயா. மாங்காய் பறிச்ச நினைவு எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க, எனக்கு வேணாம். அந்தச் செம்புல மிஞ்சின சொட்டுத் தண்ணியை மட்டும் எங்க அணிக்குக் குடுங்க நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.